பல் இருந்தால் தேபா

மீன்வளத்துறை அதிகாரி முழங்கை வரைக்கும் மீனின் வாய்க்குள் கையை விட்டிருந்தார்.

புன்மாவின் படகு நிறைய அந்த ஒரே மீன்தான் கிடந்தது. இரண்டு ஆள் நீளக் கெளுத்தி. விடியற்காலையில் வலையில் விழுந்தது. நானும் அவனுமாக இழுத்துக் கரைசேர்ப்பதற்குள் செத்துவிட்டது.

பல் இருந்தால் அது தேபா கெளுத்தி. வெட்டலாம், தின்னலாம். பல் இல்லாவிட்டால் புக் கெளுத்தி. மேகாங் ஆற்றில் அதைப் பிடிக்கக் கூடாது. மீனும் போகும், புன்மாவின் படகும் போகும்.

மீனின் முதுகுத் துடுப்பை வைத்தும் எந்தக் கெளுத்தி என்று சொல்லலாம். ஆனால் துடுப்பையெல்லாம் வலை கிழித்திருந்தது.

அதிகாரிக்கு ஃபோன் போட்டவர் ஊர்த்தலைவர் சிங்கேவ். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே சட்டியோடு நின்றது.

"அட, பல்லு இருக்கே!" என்றார் அதிகாரி.

கையை வெளியே எடுத்தார். விரலில் ஒட்டரிசிச் சோறு அப்பியிருந்தது.

"இது சோறு திங்குமா?"

"எங்க ஊரு மீனு சார். பின்ன ரொட்டியா திங்கும்?" என்றாள் புன்மாவின் மனைவி புவாலை.

புன்மா பேசவில்லை. வாயைத் திறந்தால் தொலைந்தான். அவனுடைய மேல்வரிசைப் பல்செட் மீனின் வாய்க்குள் இருந்தது. சோற்றை அப்பி ஒட்டவைத்தது நான்.

அதிகாரி மறுபடியும் கையை விட்டுத் துழாவினார். நெற்றி சுருங்கியது.

"மேல மட்டுந்தான் இருக்கு. கீழ ஒண்ணையும் காணோமே?"

தேபா என்றால் கீழேயும் பல் இருக்க வேண்டும். அவர் பறிமுதல் படிவம் எடுக்க ஜீப்புக்குப் போனார். கரையில் சட்டிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின.

புவாலை பெருமூச்சு விட்டாள். "போவுது விடுங்க. வழக்கப்படி தலை உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தோம், தலைவரே. ஒரு வாரத்துக்குக் கொழம்பு வெக்கலாம். உங்களுக்குத்தான் குடுத்து வெக்கல."

தலைவர் ஆற்றின் பக்கம் திரும்பினார். மீனின் தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு இருமல் வந்தவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு படகில் ஏறி, மீனின் மேல் குனிந்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தபடி வந்தபோது தலைவர் கீழே இறங்கியிருந்தார். அவருடைய கீழுதடு உள்ளே ஒடுங்கிப் போயிருந்தது.

"அவஷரப்படாதீங்க ஷார். இன்னொரு தடவ நல்லாத் தொட்டுப் பாருங்க."