417-ஆம் எண் முத்திரை

"ஒருத்தனும் நிலாவுக்குப் போகல. போகாத இடத்துக்கு எதுக்குச் சுவர் கட்டிப் பேர் செதுக்கணும்?" ஹார்லன் பிக்கெட் தட்டைத் தள்ளி வைத்தார். பொரித்த மீன் பாதி அப்படியே கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் கோரின் படிவத்தை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவளுக்கே ஐம்பத்தேழு வயது. இன்னும் இவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நிலாவில் இறங்கி ஐம்பது வருடம் ஆகிறதென்று ஆற்றுக்கு அக்கரையில் ராக்கெட் ஏவுதளம் இருக்கும் டைட்டஸ்வில் ஊரே அமர்க்களப்பட்டது. ஆற்றோரப் பூங்காவில் கருங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்த ராக்கெட்டுக்கு உழைத்த ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் அதில் வரும். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க இன்று மதியம் கடைசி.

"அந்த ராக்கெட்டுல குழாய் இணைப்பைச் சோதிச்சவரே நீங்கதான். நீங்களே பொய்னு சொன்னா ஊர் சிரிக்காதாப்பா?"

"சிரிக்கட்டும். காத்தே இல்லாத இடத்துல கொடி ஆடுச்சே, பார்த்தல்ல?"

"கம்பியில மாட்டின துணி. நட்டவன் ஆட்டினான், ஆடுச்சு."

"வானத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்லையே?"

"போன வாரம் பேரனோட பேஸ்பால் ஆட்டத்தை விளக்கு வெளிச்சத்துல படம் எடுத்தீங்களே, அதுல எத்தனை நட்சத்திரம் விழுந்துச்சு?"

ஹார்லன் குளிர்ந்த தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். வாதத்தில் தோற்றால் தேநீர் குடிப்பது அவர் வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு ஜாடி காலியாகும்.

இந்தப் பைத்தியம் முன்பு கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் மனைவி நெட்டியை அடக்கம் செய்த அன்றைக்குத்தான் பிடித்தது. அடக்கத்தில் பாதிரியார், "இந்தப் பெண் தன் கணவனை நிலாவுக்குக் கொடுத்துவிட்டு, தனி ஆளாகக் குழந்தையை வளர்த்தாள்" என்று உருகினார். ஹார்லன் முன்வரிசையிலிருந்து எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அன்று மாலை முதல் நிலாப் பயணம் பொய். முடிவெட்டும் கடை, மீன்கடை, சர்ச் வாசல், எங்கே ஆள் கிடைத்தாலும் இதே பேச்சு.

"நாலு லட்சம் பேர் வேலை செஞ்சாங்கப்பா. இந்த ஊர்ல காலையில மூணு பேருக்குத் தெரிஞ்சது மதியத்துக்குள்ள ஆறு தெரு சுத்தி வந்துடும். அத்தனை பேர் வாயை யார் மூடினது?"

"மூடலாம். ஐம்பது வருஷம்கூட மூடி வைக்கலாம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோரினுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது.

"என் பிறந்தநாள் ஒண்ணுலகூட நீங்க இல்ல. எனக்கு நிமோனியா வந்தப்ப இல்ல. எப்பக் கேட்டாலும் ஓவர்டைம். 'அப்பா எங்கம்மா'ன்னு அழுதா, அம்மா கொல்லைக்குத் தூக்கிட்டுப் போய் நிலாவைக் காட்டுவாங்க. 'அதோ, அங்க போறதுக்கு வழி பண்ணிட்டு இருக்கார்'னு சொல்வாங்க. எனக்கு அப்பா கிடைக்கல, நிலாதான் கிடைச்சது. இப்ப அதையும் பொய்னு சொல்லிப் புடுங்காதீங்கப்பா. அந்தச் சுவர்ல உங்க பேரை நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும். அது போதும் எனக்கு."

ஹார்லன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"சாட்சிக் கையெழுத்து வேணுமே. கூட வேலை செஞ்சவன் போடணும். ஒருத்தன் செஞ்சேன்னு சொன்னா இன்னொருத்தன் பார்த்தேன்னு முத்திரை குத்தணும், அங்க எல்லாத்துக்கும் அதான் சட்டம். இப்ப யார் உயிரோட இருக்கா?"

"டெல்பர்ட் இருக்கார். ஒஹையோவுல, மகன் வீட்டுல. பேசினேன். நேத்து தபால்ல வந்துடுச்சு."

"யார்கிட்டக் கேட்டுப் பேசின?"

கோரின் உறையிலிருந்து சாட்சித் தாளை எடுத்து விரித்தாள். டெல்பர்ட் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். உறையின் அடியில் இன்னொன்று கனத்தது. கவிழ்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு முத்திரை மேசையில் உருண்டது. அடியில் 417.

"அப்பா! சோதிச்சு முடிச்சதும் குத்துற உங்க நம்பர் முத்திரை! உயிரே போனாலும் அடுத்தவன் கையில குடுக்கக் கூடாதும்பீங்களே, அதுதானே? அவர்கிட்ட எப்படிப் போச்சு?"

முத்திரையைச் சுற்றி ரப்பர் வளையத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கோரின் ஆசையாகப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள்.

"ஹார்லன், சாகும் முன் உன் பொருளை உன்னிடம் சேர்த்துவிடுகிறேன். ஓவர்டைமில் என் முத்திரையோடு உன்னுடையதையும் நானே குத்தினேன். நன்றாகப் பார்த்த பிறகே குத்தினேன், கவலைப்படாதே."

அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். இந்த முறை சத்தம் வரவில்லை. ஆற்றுக்கு அப்பால் ஏதோ ஒரு ராக்கெட் கிளம்பி, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓவர்டைம்ல இது அவர்கிட்ட இருந்துச்சுன்னா... அப்ப நீங்க?"

ஹார்லன் படிவத்தை எடுத்து நாலாக மடித்து, மீன் தட்டுக்கு அடியில் வைத்தார்.

"அவங்க நிலாவுக்குப் போனது சத்தியம்மா. நான்தான் ஓவர்டைமுக்கு ஒரு நாளும் போகல. கோகோ பீச்சுல இன்னொருத்தி வீட்டுல இருந்தேன்."