கடைசி இரண்டு கட்டங்கள்

“திரை” என்றது லாக்கப்புக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஏட்டு துலுக்கானம் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் கரையான்சாவடி கள்ளுக்கடை மறியலில் பிடித்து வந்த ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஜெயராமன், கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றிருந்தான்.

வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியைத் துலுக்கானம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ‘குதிரையின் தலையை வெட்டினால் நாடகம் நிற்கும். இரண்டெழுத்து.’

கு போனால் திரை. திரை விழுந்தால் நாடகம் நிற்கும்.

ஏட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஸ்டூலைக் கம்பி ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

‘கொடு என்றதும் மான் வரும், குளத்தில் பூக்கும்.’ காலையிலிருந்து அவரைப் படுத்திக்கொண்டிருந்த குறிப்பு.

கொடு என்றால் தா. மரை என்று ஒரு மான் உண்டு, ஏட்டையா, என்றான் ஜெயராமன்.

தாமரை. துலுக்கானம் தொடையில் தட்டிக்கொண்டார்.

‘சிவாவைப் புரட்டிப் போட்டால் படிக்கச் சொல்வான்.’ இதை இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். வாசி.

கள்ளுக்கடைக்காரனின் ஆட்கள் அடித்து வீங்கிய முழங்கால் ஜெயராமனுக்கு மறந்துபோனது. கம்பி வழியே கையை நீட்டி, இது குறுக்கே, அது கீழே என்று காட்டிக்கொண்டே போனான். ஏட்டின் பென்சில் முனை மழுங்கியது. பல்லால் கடித்துச் சீவினார்.

மத்தியான பஸ்ஸில்தான் ஜெயராமனைச் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டணத்துக்குத் தபால் பையும் அதே பஸ்ஸில்தான் போகும். அதை விட்டால் கூப்பன் நேரத்துக்குப் போய்ச் சேராது.

முழுதும் சரியாக எழுதியவர்களுக்கு ஆளுக்கொரு சைக்கிள். திருவேற்காடு வரை நடந்தே ரோந்து போகும் துலுக்கானத்துக்கு இதற்குமுன் இரண்டு தடவை ஒரே ஒரு சொல்லில் தவறிப்போயிருந்தது.

மிஞ்சியது ஒரு சொல்.

‘கேட்டால் லேசில் கிடைக்காது, கிடைத்த நாளில் வீட்டில் விருந்து. நான்கெழுத்து.’

முதல் இரண்டும் மேலிருந்து வந்த சொற்களில் விழுந்துவிட்டன. வி, டு. பின்னால் இருந்த இரண்டு கட்டங்களும் எதனோடும் சேராமல் தனியாக நின்றன.

“விடுதலை” என்றான் ஜெயராமன்.

“விடுமுறை” என்றார் துலுக்கானம்.

விடுமுறை கேட்டால் கிடைத்துவிடுமே, எத்தனை கேட்டும் வெள்ளைக்காரன் கொடுக்காதது விடுதலை ஒன்றுதானே என்று வாதாடினான் ஜெயராமன்.

“உனுக்கு இன்னா வாத்தியாரே, கோடையானா இஸ்கூலை மூடிடுவாங்க. போலீஸ்காரன் லீவு கேட்டுப் பாத்துக்கீறியா? எம் பொண்ணு கண்ணாலத்துக்கே அரை நாள்தான் குடுத்தாங்க.”

ஜெயராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பேசுவதுபோலக் குரலை உயர்த்தி, விருந்து என்று போட்டிருக்கிறானே, ஒரு நாள் லீவுக்கு எந்த வீட்டில் விருந்து வைக்கிறார்கள் என்று கேட்டான்.

ஏட்டு பென்சிலைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார். ஸ்டேஷனில் வேறு யாரும் இல்லை.

“இந்த ஸ்டேசன் வெலாசம் போட்டு அந்த வார்த்தைய எழுதி அனுப்பினேன்னு வச்சுக்கோ, எனுக்கு நெஜமாவே விடுமுறைதான்.”

தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

துலுக்கானம் முதுகைத் திருப்பிக்கொண்டு, மேஜைமேல் குனிந்து எழுதினார். கூப்பனைக் கத்தரித்து உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டினார். ஒரே ஓட்டமாக ஓடிப்போய், பஸ் அருகே நின்ற தபால்காரரின் பைக்குள் அவரே போட்டுவிட்டு வந்தார். மூச்சு வாங்கியது. முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம்போல இருந்தது.

பஸ்ஸில், அழைத்துப்போக வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் நடுவில் ஜெயராமன் உட்கார்ந்தான். தபால் பை டிரைவர் பக்கத்தில் கிடந்தது. வழியெல்லாம் அவன் அதையே பார்த்துக்கொண்டு போனான். விடுமுறையா, விடுதலையா என்று போரூர் தாண்டியும் மனசு ஓயவில்லை.

கோர்ட்டில் ஆறு மாதம் போட்டார்கள்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தாடியை எடுக்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த வீராசாமியின் சவரக் கடைக்குப் போனான். பெஞ்சில் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. முகத்தில் சோப்புப் போடும்போதே ஒவ்வொன்றாகப் புரட்டினான். அந்தப் போட்டியின் விடைகள் வந்த இதழ் அகப்பட்டது.

விரலை வைத்துக்கொண்டு பார்த்தான். திரை, தாமரை, வாசி. கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டதெல்லாம் சரி. கடைசிச் சொல்லுக்கு வந்தான்.

விடுமுறை.

ஏட்டையா சொன்னதுதான் சரி. தான் தோற்றதில் அவனுக்கு வருத்தமில்லை, சந்தோஷமாகவே இருந்தது. சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு அவர் போவதை நினைத்துப் பார்த்தான்.

முழுதும் சரியாக எழுதியவர்கள் இரண்டே பேர். காரைக்குடியில் ஒருவர், கும்பகோணத்தில் ஒருவர்.

ஜெயராமன் மறுபடி படித்தான். வீராசாமி கத்தியைத் தீட்டிவிட்டு வந்து ஒரு பக்கக் கன்னத்தை வழித்தான்.

அடியில் பொடி எழுத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது. ஒரே ஒரு பிழை செய்தவர்கள். நடுவில் ஒரு வரி: துலுக்கானம், ஹெட் கான்ஸ்டபிள், போலீஸ் ஸ்டேஷன், பூந்தமல்லி.

“இன்னொரு கன்னம் கீதே வாத்தியாரே, எங்க போற?”

ஜெயராமன் பத்திரிகையோடு எழுந்துவிட்டான். பாதி முகத்தில் சோப்போடு ரோட்டைக் கடந்து, போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தான்.