மறைத்த பாடம்

பேருந்து ஓட்டும் பாடத்தைப் பயிற்சி இணையதளத்தில் மறைத்தால், கற்றவர்களின் மூளையிலிருந்தும் அது மறைந்துவிடும். அதனால், பாடத்தை மறைத்துத் திருத்துவதற்கு முன் அவர்கள் யாரும் பணியில் இல்லையென்று பட்டியலில் பார்த்துக்கொள்வது செண்பகவல்லியின் வழக்கம். அன்று அவர்கள் எல்லாருக்கும் விடுப்பு, அவள் கணவன் தங்கையாவுக்கும். ‘மறை’ பொத்தானை அழுத்தினாள்.

உடனே தங்கையா அழைத்தான்.

“வல்லி, ராசண்ணனுக்குக் காய்ச்சல்னு அவருக்குப் பதிலா நான் வண்டி எடுத்தேன்டி. மலையிறக்கத்துல போயிட்டிருக்கு, பின்னால நாப்பது பேரு. காலடியில மூணு பெடல் இருக்கு. நிறுத்த எதை மிதிக்கணும்?”

‘காட்டு’ பொத்தானை அழுத்தினாள். மேலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் என்றது திரை.

“சீக்கிரம் சொல்லித் தொலைடி!”

அவள் வாயைத் திறந்தாள். அவளும் அந்தப் பாடத்தில்தான் வண்டி ஓட்டக் கற்றிருந்தாள்.