பிகுலின் பூண்டு வறுவல்

"நாய்க்குப் போடுறதைக் கொண்டுவந்து சாமி பாத்திரத்துல வைக்கிறியே நிபா, உனக்கு மனசு கூசல?"

பிகுல் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. நோங் காய் ஊரில் காலைப் பிச்சைக்கு வரும் புத்தர் கோயில் துறவி, பெரிய சாமி, தெரு முனையைத் தாண்டும்வரை எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். பிகுலும் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நிபா செருப்பை மாட்டிக்கொண்டாள். "நம்ம கோயில் நாய் தோங்குக்குத்தான் அக்கா. உப்பில்லாம அவிச்ச கோழியும் பூசணியும். பாவம், போன மாசம் ஈறெல்லாம் வெளுத்துச் சாகக் கிடந்துச்சே! வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷமாம், டாக்டர் சொன்னாரு."

"எந்தப் புத்திகெட்டவ போட்டாளோ! அதுக்காகச் சாமி பாத்திரமா கிடைச்சுது உனக்கு? அடுத்த பிறவியில நாயாத்தான் பொறப்ப, பாரு!"

நிபா நடையைக் கட்டினாள்.

பிகுலுக்கு ஆறவில்லை. செத்துப்போன புருஷன் சவாட்டுக்குப் பிடித்த பன்றி வறுவலை, பூண்டும் வெங்காயமும் அள்ளிப் போட்டு, எட்டு மாதமாகத் தினமும் பாத்திரத்தில் வைக்கிறாள். சாமி சாப்பிட்டால் சவாட்டுக்குப் போய்ச் சேரும். போன இடத்தில் அந்த மனுஷன் பசியோடு இருக்கக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான். அந்த வறுவலுக்குப் பக்கத்திலேயே நாய்ச்சோறா!

நேராகக் கோயிலுக்குப் போய் மண்டியிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

சாமி சிரித்தார். "அதுல நாய்க்குப் பாதிதாம்மா. மீதி எனக்கு."

"உங்களுக்கா?"

"கிட்னி கெட்டுப்போய் ஒரு வருஷமாச்சு. உப்பு, எண்ணெய், பன்னி எதுவும் கூடாதாம். போட்டதைச் சாப்பிடுறவன் நான், அதைக் கொடு இதைக் கொடுன்னு கேட்க முடியுமா? என் கால் வீக்கத்தைப் பார்த்து நிபாவே கண்டுபிடிச்சுட்டா. சாமிக்குன்னு சொன்னா மத்தவங்க மனசு நோகுமேன்னு நாய் பேரைச் சொல்றா."

"அப்போ என் வறுவல்? அவருக்குப் போய்ச் சேரலையா சாமி?"

"நீ மனசார வச்சப்பவே சேர்ந்தாச்சும்மா. அதுல சந்தேகமே வேண்டாம்."

"சரி, இத்தனை நாளா அதைச் சாப்பிட்டது யாரு?"

சாமியின் பார்வை தூண் பக்கம் போனது.

தூணோரம் படுத்திருந்த தோங் எழுந்து தள்ளாடி வந்தது. பூண்டு வாசனை போகாத அவள் விரல்களை, தினம் பழகியதுபோல நக்க ஆரம்பித்தது. பிகுல் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"உன்கிட்ட மட்டும் சொல்லிட வேண்டாம்னு நிபா அத்தனை தூரம் கெஞ்சினாம்மா" என்றார் சாமி.