சில்லிக்கு ஓர் உதாரணம்

"பெட்டியைக் கீழே வைங்கக்கா. ஒரு வார்த்தைக்காகவா வீட்டை விட்டுப் போவாங்க?"

"ஒரு வார்த்தையா? என் மானத்தையே அச்சுல ஏத்திட்டாரு உங்க சார்!"

அகராதி ஆசிரியரின் மனைவி புரூஃப் தாளை நீட்டினாள். சமாதானம் பேச அலுவலகத்திலிருந்து ஓடி வந்திருந்த உதவியாசிரியை அதைப் பார்த்தாள். 'சில்லி' என்ற ஆங்கிலச் சொல், பொருள், அசட்டுத்தனமான. கீழே உதாரண வாக்கியம்: 'என் மனைவி சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவள் ஒரு அசடு.' ஓரத்தில் ஆசிரியரின் கையொப்பம்.

ஆசிரியர் சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாற்பதாயிரம் சொற்களுக்குப் பொருள் எழுதிய மனிதர், பாவம், சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

"ஆயிரக்கணக்குல உதாரணம் எழுதறேன்மா. இதை எப்போ எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை."

"பார்த்தியா? என்னை அசடுன்னு சொல்றது அவருக்கு ஞாபகம் வெச்சுக்கிற அளவுக்கு ஒரு விஷயமே இல்லை!"

உதவியாசிரியை அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "அக்கா, இந்தச் சொல்லோட பூர்வீகம் தெரியுமா? ஆதியில இதுக்கு 'ஆசி பெற்றவர்'னு அர்த்தம். அப்புறம் 'சூதுவாது தெரியாதவர்'னு ஆச்சு. அப்புறம் 'ஐயோ பாவம்'. கடைசியிலதான் 'அசடு'."

"இது சொல்லோட கதையா, கல்யாணமானவளோட கதையா?"

உதவியாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதல் பக்கத்துலேர்ந்து தேடிட்டேன்மா," என்றாள் ஆசிரியரின் மனைவி. "அழகு, அன்பு, ஆசை, எதுக்கும் நான் உதாரணம் இல்லை. இதுக்கு மட்டும் என் நினைப்பு வந்திருக்கு. இருபத்திரண்டு வருஷம்! போதும்."

அவள் வரச்சொல்லியிருந்த வாடகைக் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கினாள். ஆசிரியரின் கண்கள் கலங்கிவிட்டன.

உதவியாசிரியை பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"போகாதீங்கக்கா. அதை எழுதினது சார் இல்லை, நான். அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டாரு."

"நீயா? என்னைப் பத்தி நீ ஏன்டி அப்படி எழுதணும்?"

"உங்களைப் பத்தி இல்லைக்கா. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்க வீட்டுக்காரர் என்னைக் காட்டிச் சொல்ற வாக்கியம் அது. உதாரணம் எழுத உட்கார்ந்தேன், யோசிக்காமலே கைக்கு வந்துடுச்சு."