நல்ல பால்

சோதனைத் தட்டின் கடைசிக் குழியும் மஞ்சளாகிவிட்டது.

காலையிலும் இப்படித்தான் ஆனது. கைதவறியிருக்கும் என்று இவள் தன்னையே திட்டிக்கொண்டு, புதுத் தட்டு எடுத்து, சோதனையை முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது மறுபடியும் அதே மஞ்சள்.

எச்ஐவி உள்ள தாய்மார்களின் பாலில் அந்தக் கிருமியை மறிக்கிற எதிர்ப்புப் புரதம் எவ்வளவு இருக்கிறது, பிள்ளையின் வாயையும் குடலையும் அது எவ்வளவு காக்கும் என்று பார்ப்பதுதான் இவள் வேலை. கிருமி தொற்றியவர்களிடம்தான் அந்தப் புரதம் இருக்கும்; இருந்தால் குழி மஞ்சளாகும். அவர்கள் பால் விட்ட குழிகள் மஞ்சளாகத்தான் வேண்டும். கடைசிக் குழி மட்டும் தெளிந்த தண்ணீராக நிற்க வேண்டும். அதில் விடுவது கிருமி இல்லாத ஒரு தாயின் பால், ஒப்பிட்டுப் பார்க்க.

அந்தத் தாய் இவள்தான். பேறுகால விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து, வெளியே யாரைக் கேட்டு அலைவது என்று, மகளுக்கென்று பால் எடுத்து வைக்கும் தன் பாட்டிலிலிருந்தே கொஞ்சம் எடுத்து ஊற்றச் சொல்லிவிடுவாள். ஆய்வகமே அதற்கு ‘நல்ல பால்’ என்று பெயர் வைத்துவிட்டது. செய்யக்கூடாத வேலைதான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்படியென்றால் அந்தக் கிருமி இவளுக்கா? வயிற்றில் பிள்ளை இருந்தபோது பார்த்தார்களே, ஒன்றும் இல்லையே. அதற்குப் பிறகு என்றால்... புருஷன் முகம் வந்தது. காலையில்கூட இவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பால் குடித்த மகளின் முகம் வந்தது.

தட்டிலிருந்த மற்றப் பெண்களுக்கு விஷயம் தெரியும். மாத்திரையை விடாமல் போடுகிறார்கள், பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் ஊட்டிக்கொண்டிருப்பவள் இந்தக் கடைசிக் குழிக்காரி ஒருத்திதான்.

அப்போதுதான் பால் எடுத்த பாட்டிலோடு திரையை விலக்கிக்கொண்டு சிட்டு வந்தாள். கூட வேலை பார்க்கிறவள், வாய் ஓயாதவள். அவளுக்கும் கைக்குழந்தை, கீழ்த்தளத்துக் காப்பகத்தில். இருவரும் பால் எடுப்பது அந்தத் திரை மறைவில்தான். சோதனைக் குப்பியில் ‘நல்ல பால்’ ஊற்றி வைப்பதும் அவள்தான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? ஐயோ, சொல்ல மறந்தே போச்சு. நேத்து உங்க பாட்டில்ல கொஞ்சமாத்தான் இருந்துச்சு. பாப்பாவுக்குப் பத்தாதேன்னு அதைத் தொடல, குப்பியில என்னோடதையே ஊத்திட்டேன். பரவால்லதானே?”

முதலில் வந்தது நிம்மதி. போன உயிர் திரும்பி வந்தது போன்ற நிம்மதி. அடுத்த நொடியே தன்னை நினைத்து இவளுக்குச் சீ என்றிருந்தது.

மகன் பசி தாங்கமாட்டான் என்று சிட்டு தன் பாட்டிலோடு மாடிப்படிப் பக்கம் திரும்பினாள்.

இவள் பாய்ந்துபோய் அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிட்டு சிரித்தாள். கையுறையைத் தாண்டியும் பாலின் சூடு தெரிந்தது.