ஒரு சஹன், இரண்டு பிறை

காதர் மீரானின் ஜமாஅத்தார் நேற்றே பிறை பார்த்துவிட்டார்கள். அவருக்கு இன்று பெருநாள். தம்பி ஹபீபின் ஜமாஅத்தாருக்குப் பிறை தெரியவில்லை; அவனுக்கு இன்றும் நோன்பு. பெருநாளில் பட்டினி கிடப்பது பாவம் என்று அண்ணனும், நோன்பு நாளில் தின்பது பாவம் என்று தம்பியும் காலையெல்லாம் தொண்டை வற்றக் கத்தியாகிவிட்டது.

மதியம் காதர் மீரானின் மனைவி ஜுலைஹா சஹனில் நெய்ச்சோற்றைக் கொட்டி, நடுவில் கறியைக் குவித்தாள். அவ்வளவு பெரிய தட்டின் முன்னால் அந்த வீட்டில் யாரும் தனியாக உட்கார்ந்ததில்லை. காதர் மீரான் உட்கார்ந்தார். எதிரே தம்பியின் இடம் காலியாக இருந்தது. எழுந்துவிட்டார்.

"பசிக்கல. மூடி வை."

"அப்ப நீங்களும் நோன்பா?"

"பெருநாளும் அதுவுமா நோன்பு வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

அடுப்படிக்குள் போய், தம்பி பார்க்காமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். நோன்பில்லை என்று அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. தம்பி பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்ததும் இருவரும் ஒரே சஹனில் கைவைத்தார்கள். சோறு ஆறி, நெய் உறைந்திருந்தது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து அண்ணன் பக்கம் தள்ளினான் ஹபீப்.

"நாளைக்கு எனக்குப் பெருநாள், காக்கா. மதியமே சுடச்சுடச் சாப்பிடுவோம்."

காதர் மீரான் கவளத்தை மெதுவாக விழுங்கினார்.

"எனக்குத்தான் பெருநாள் முடிஞ்சிட்டேடா. பெருநாளுக்கு அப்புறம் வைக்கிற ஆறு நோன்பை நாளையிலேர்ந்து புடிக்கணும்."

ஜுலைஹா சஹன் மூடியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.